கெட்டியாப் பிடிச்சுக்கோங்க

அந்தத் துறைமுக ஊரில் நான் போய் இறங்கியபோது பகல் இரண்டு மணி. நல்ல வெயில், நல்ல காற்று. விமான நிலைய வாசலில் என் பெயரைத் தப்பாக எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஏஜென்ட் நின்றிருந்தார். பயப்படும்படி எதுவுமே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்து நாலு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கிளட்ச், பிரேக், கண்ணாடி, இதில் எதிலும் பேய்க்கு வேலை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் தம்பி எட்டு மாதத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றக் கிளம்பியவன். எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டதும் நான்தான், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். "முப்பத்தஞ்சு வயசுல ஊர் சுத்துற புத்தி வந்திருக்கு பாரு" என்று திட்டிக்கொண்டேதான் மாத்திரை டப்பாவை அவன் பையில் திணித்து அனுப்பினேன். பயணத்தின் கடைசி ஊர் இந்தத் துறைமுகம். வந்து சேர்ந்த அன்றே மயங்கி விழுந்திருக்கிறான். பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறான், அவ்வளவுதான். இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால் பிழைப்பது கஷ்டம், சீக்கிரம் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய இடத்தில் காட்டுங்கள் என்று டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்.

கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். ஆனால் அதற்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அந்த நாட்டுக்குள் வண்டியோடு நுழைந்தவன் வண்டியோடுதான் வெளியேற வேண்டும். பாஸ்போர்ட்டிலேயே வண்டி எண்ணை முத்திரை குத்தி ஏற்றிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பதிவு என்பதால் அங்கே விற்கவும் முடியாது, சும்மா கொடுக்கவும் முடியாது. கப்பலில் ஏற்ற இரண்டு மாதம் ஆகும். மிச்சமிருந்தது ஒரே வழி. சுங்க அதிகாரியின் கண்ணெதிரில் வண்டியை நசுக்கி, சேஸிஸ் எண் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி அவர் கையில் கொடுக்க வேண்டும். பிறகுதான் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரையை ரத்து செய்வார்கள். அப்புறம்தான் தம்பி விமானம் ஏறலாம்.

"வண்டி உள்ள இருக்கிற வரைக்கும் ஆளும் உள்ளதான் மேடம்" என்றார் ஏஜென்ட். நம் பாஷைக்காரர். அந்தத் துறைமுகத்தில் சரக்குகளுக்குக் காகிதம் எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறவர். "கவலைய விடுங்க. புதன், வியாழன் ரெண்டு நாள் போதும். வெள்ளிக்கிழமை காலையில உங்க தம்பிய நீங்க ஏத்திட்டுப் போயிடலாம். என்கிட்ட விட்டுட்டீங்கல்ல."

அன்று செவ்வாய்க்கிழமை.

பொழுது சாயும் நேரம், ஆஸ்பத்திரி அறையில் தம்பியைப் பார்த்ததும் எனக்கு வந்த அழுகையைத் திட்டாக மாற்றிக்கொண்டேன். "என்னடா இது, கொக்கியில மாட்டி வச்ச சட்டை மாதிரி இருக்க!" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய இரண்டு தோள்களும் கன்றிப்போய் நீலமாக இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அவன் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருந்தார்கள். தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில், அவன் பின்னந்தலையைப் பார்த்தபடி ஒரு நாற்காலி கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் உட்காருவதற்கான நாற்காலியை இப்படியா போடுவார்கள்? முனகிக்கொண்டே அதை இழுத்துப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தேன். ரெக்சின் சூடாக இருந்தது.

"யாராவது வந்திருந்தாங்களாடா?"

"வண்டிய என்ன பண்ணப் போற அக்கா?" என்றான்.

"நசுக்கப் போறாங்க. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போறோம்."

"நசுக்கினா அது எங்க போகும்?"

"எது?"

மெல்லிய குரலில் சொன்னான். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு மேட்டுச் சாலை. மனித வாடையே இல்லாத இடம். ஓரத்தில் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் ஒன்று விழுந்துகிடந்ததாம். விழுந்து பல வருடம் ஆன மாதிரி, சக்கரத்துக்குள் செடி முளைத்திருந்ததாம். அதன் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கை காட்டியிருக்கிறான்.

"நிறுத்தினேன். ஏறிக்கச் சொன்னேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, கெட்டியாப் பிடிச்சுக்கோங்கன்னு சொன்னேன்."

அது என் ஸ்கூலின் முதல் பாடம். பின்னால் ஒருத்தர் உட்கார்ந்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் வாய்விட்டு அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கிளட்சை விட்டால் என்னிடம் தப்ப முடியாது. ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள்கூட, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை அதைப் பத்து தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் வந்தேன். பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே மாட்டாள் என்பதால் அவளுக்கு பிரேக்கம்மா என்று பெயர் வைத்திருந்தேன். எனக்கே அது பழகிப்போய், பின்சீட்டில் காஸ் சிலிண்டரைக் கட்டிவைத்தால்கூட அதனிடமும் சொல்லிவிடுவேன்.

"எங்க எறங்கணும்னு கேட்டேன். பதில் இல்ல. ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டாரு. அவ்ளோதான் அக்கா. இன்னும் விடல."

"காய்ச்சல்ல உளறாதடா."

"நிறுத்தித் திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. ஆனா பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் ரெண்டும் கீழ எறங்கியிருக்கும். மடக்கிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வருவேன். மறுபடியும் எறங்கியிருக்கும். ஒவ்வொரு எல்லையிலயும் ரெண்டு விரலக் காட்டி, இன்னொருத்தர் பாஸ்போர்ட் எங்கன்னு கேப்பாங்க. இப்பப் பகல்ல வண்டிகிட்ட இருக்கு. பொழுது சாஞ்சா இங்க வந்துடும்."

சொல்லும்போதே கண்ணைத் தலைமாட்டுப் பக்கம் உருட்டினான்.

"நீ வண்டிகிட்ட போனா போ. ஆனா அதுகிட்ட பேசிடாத அக்கா. ஒரு வார்த்தை கூட."

"சரிடா, சரி" என்று போர்வையை இழுத்துவிட்டேன். எட்டு மாதம் தனியாகச் சுற்றினால் யாருக்குத்தான் மண்டை குழம்பாது?

மறுநாள் காலையில் போனபோது நாற்காலி மறுபடியும் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டேன். பாஷை புரியாவிட்டாலும் என் குரல் அவளுக்குப் புரிந்திருக்கும். தான் தொடவில்லை என்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

சுங்கக் கிடங்கு துறைமுகச் சுவரை ஒட்டிய பழைய கட்டடம். தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் ஈரச் சாக்கு வாசனையும் எலிப் புழுக்கை வாசனையும் வந்தன. பெட்டிகளும் பீப்பாய்களும் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். கடைசி மூலையில் மட்டும் ஒரு பெரிய வெற்றிடம் விட்டிருந்தார்கள். அதன் நடுவில் தம்பியின் வண்டி தனியாக நின்றது. சுற்றிலும் பத்தடிக்கு ஒரு சாமானும் இல்லை.

"ஏன் இவ்ளோ இடம் விட்டிருக்காங்க?" என்று கேட்டேன்.

ஏஜென்ட் கிடங்குக் காவலாளியிடம் கேட்டார். வயதான மனிதர். வண்டிப் பக்கம் பார்க்காமலே ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் இரண்டு விரலைக் காட்டினார்.

ஏஜென்ட் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "வண்டிய விட வந்தப்போ ரெண்டு பேர் வந்தாங்களாம். ஒருத்தர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். இன்னொருத்தர எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு கேக்குறார்."

"வயசாயிடுச்சு, கண்ணு தெரியல போல" என்றேன்.

பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. குனிந்து மடக்கினேன். நல்ல இறுக்கமான ஸ்பிரிங், தானாக இறங்க வாய்ப்பே இல்லை. எழுந்து, காகிதத்தில் கையெழுத்துப் போடத் திரும்பினேன்.

டக்.

பேனா நின்றுவிட்டது.

டக்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஸ்பிரிங் போயிருக்கு. எட்டு மாசம் ஓட்டியிருக்கான், போகாம இருக்குமா?" என்று சத்தமாகச் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கையெழுத்து கோணலாக விழுந்தது.

வியாழக்கிழமை. வண்டியை நசுக்கும் யார்டு கிடங்கிலிருந்து ஆறு கிலோமீட்டர். நாலு மணிக்கு யார்டை மூடிவிடுவார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் விமானம். அதைத் தவறவிட்டால் இனி ஐந்து நாள் கழித்துத்தான். அன்று காலையில் தம்பிக்குத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. வாயில் வைத்த கரண்டி அப்படியே வெளியே வழிந்தது. ஐந்து நாள் எல்லாம் அவன் தாங்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

லாரி இரண்டு மணிக்கு வந்தது. நாலு ஆட்கள், தடிதடியாக. முன்சக்கரத்தைப் பலகைமேல் சுலபமாக ஏற்றிவிட்டார்கள். பின்பக்கம் மட்டும் வரவில்லை. நாலு பேரும் சேர்ந்து பின்பக்கம் கை கொடுத்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி ஒரு விரல்கடை எழும்பவில்லை.

"காலையில சாப்பிட்டாங்களா இல்லையான்னு கேளுங்க" என்றேன் ஏஜென்டிடம்.

அவர் கேட்கவில்லை. ஆட்களில் ஒருவன் சட்டென்று கையை உதறி, பின்வாங்கி, தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். மற்றவர்களிடம் ஏதோ முணுமுணுத்தான். நாலு பேரும் லாரியில் ஏறிக் கிளம்பிவிட்டார்கள். ஏஜென்ட் பின்னால் ஓடிக் கத்திப் பார்த்தார், நிற்கவில்லை.

மணி இரண்டே முக்கால்.

"வேற லாரி நாளைக்குத்தான் மேடம்" என்று கையைப் பிசைந்தார். என்கிட்ட விட்டுட்டீங்கல்ல என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்கும். ஏன்?"

"நான் ஓட்டிட்டு வரேன். நீங்க கார்ல அதிகாரியக் கூட்டிட்டு முன்னால போங்க."

தம்பியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அவன் வியர்வை வாசனை வந்தது. உட்கார்ந்தேன். பின்பக்கம் நன்றாக அழுந்தியிருந்தது. ஆள் ஏற்றிய வண்டி எப்படி நிற்கும் என்று எனக்கா தெரியாது? இருந்தாலும் தம்பி சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பேசாதே. ஒரு வார்த்தை கூடப் பேசாதே.

ஏஜென்டின் கார் கிளம்பியது. நேரத்தைப் பார்த்தேன். மூன்றாகப் பத்து நிமிடம். அவசரம். பதற்றம் வந்தால் மனிதர் யோசிக்க மாட்டார்கள், கை பழகியதைச் செய்யும் என்று நானே வகுப்பில் சொல்வேன். என் கை பழகியதைச் செய்தது. இடது கண்ணாடி, வலது கண்ணாடி. ஸ்டாண்டு. நியூட்ரல். ஸ்டார்ட். கிளட்ச். முதல் கியர்.

வாயும் பழகியதைச் செய்தது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதே எனக்குத் தெரிந்தது.

கிடங்குக்குள் சத்தமே இல்லை. என்ஜின் ஓடுவதுகூட எங்கோ தூரத்தில் கேட்டது. பழைய இரும்பு நனைந்தால் வருமே, அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள் வந்தது.

இடது தோளில் ஒரு கை விழுந்தது.

பிறகு வலது தோளில்.

கனமாக, நிதானமாக, ஒவ்வொரு விரலாக மடங்கிப் பிடித்தது. காதுக்கு மிக அருகில், அவசரமே இல்லாத ஒரு குரல்.

"பிடிச்சுக்கிட்டேன்."

வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓடத்தான் உடம்பு துடித்தது. ஆனால் வாயோரம் தண்ணீர் வழியப் படுத்திருந்தவன் முகம் கண்முன் நின்றது. கிளட்சை விட்டேன்.

அந்த ஆறு கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். கடல்சுவரை ஒட்டிய நேரான சாலை. வெயில் கொளுத்தியது. பக்கத்தில் பஸ் போனது, சைக்கிளில் ஒரு ஆள் போனார். உலகம் அதுபாட்டுக்கு இருந்தது. கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பின்னால் காலிச் சாலை. என் தோளில், சட்டைத் துணி மட்டும் நாலு இடத்தில் குழிந்திருந்தது.

யார்டில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன். "என்ன மேடம் இவ்ளோ வேர்த்திருக்கு?" என்று ஏஜென்ட் தண்ணீர் கொடுத்தார். யார்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து, சர்வசாதாரணமாக வண்டியை உருட்டிக்கொண்டு போய் மேடையில் ஏற்றினார்கள். பின்பக்கம் இப்போது துள்ளியது.

நாலு பேர் தூக்க முடியாத வண்டி.

இயந்திரம் மேலிருந்து இறங்கியது. முதலில் கண்ணாடி நொறுங்கியது, பிறகு டேங்க் மடங்கியது. மேடையில் ஏற்றியதும் யார்டு ஆட்கள் வெட்டிக் கொடுத்திருந்த சேஸிஸ் துண்டை அதிகாரி காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். தம்பியின் பாஸ்போர்ட்டில் பெரிய சிவப்பு முத்திரையை அடித்தார். ஏஜென்ட் கை தட்டாத குறை. "முடிஞ்சுது மேடம்! ஆளும் வெளிய, வண்டியும் வெளிய!"

என் தோளில் இருந்த கைகள் எடுபடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாலை ஐந்தரை. தம்பி தலையணையைச் சாய்த்து எழுந்து உட்கார்ந்திருந்தான். நர்ஸ் கொடுத்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். "மூணு மணி இருக்கும் அக்கா, திடீர்னு பசிச்சிது" என்றான். பதினாலு நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. பார்த்ததும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதுவிட்டேன்.

நாற்காலி கட்டிலுக்குப் பக்கவாட்டில், எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதுபோல், ஒழுங்காகக் கிடந்தது.

"போயிடுச்சு அக்கா" என்றான். பிறகு என் முகத்தையே பார்த்தான். "நீ அதுகிட்ட எதுவும் பேசலையே?"

"உனக்கு வேற வேலை இல்லையா? ரொட்டியத் தின்னு."

விமானத்தில் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நான் தூங்கவில்லை. பொழுது சாய்ந்தால் பிடி இறுகும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஊருக்கு வந்து ஆறு வாரம். தம்பி தேறிவிட்டான். பழைய சட்டை அவனுக்குச் சேரும்படி உடம்பு வந்துவிட்டது. "நீதான் அக்கா இப்ப இளைச்சுட்டே போற" என்றான். டயட்டு என்று சொல்லி வாயை அடைத்தேன். அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த மடையன் மறு நிமிடமே என்னை ஒரு வண்டியில் பின்னால் உட்காரவைத்து, முன்னால் அவன் உட்கார்ந்து, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடுவான். அதை நான் விட மாட்டேன். அவனை ஒரு தடவை சாகக் கொடுக்கப் பார்த்தது போதும்.

ஸ்கூலுக்கு வந்த புதிய ஆட்களுக்கு அந்த முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குளித்தால் கண்ணாடியில் தோளைப் பார்ப்பதில்லை. பார்க்காமலே தெரியும், நீலம்தான்.

ஒரு நாள் பிரேக்கம்மாவை ஸ்கூட்டரில் பெரிய சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முன்னால் அவள், பின்னால் நான். புருஷன் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார். ஆறு வயது மகள் தினமும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். அவளை வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும் என்பதற்காகவே வண்டி கற்றுக்கொள்ள வந்தவள் பிரேக்கம்மா. வாய் ஓயாது. சிக்னல் அருகில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். என்னை நன்றாகத் தெரிந்தவர்.

"என்ன மேடம், ஸ்கூல் நடத்துற நீங்களே இப்படி..." என்று மூன்று விரலைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பக்கத்தில் வந்ததும் நின்றார். பிரேக்கம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த இடத்தைப் பார்த்தார். நீட்டிய விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"வெயில்ல கண்ணு என்னமோ பண்ணுது" என்றார். "போங்க, போங்க."

"பாவம், அவருக்கு பிரஷர் இருக்கும் மேடம்" என்றாள் பிரேக்கம்மா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன சனிக்கிழமை காலை அவளுக்குக் கடைசி வகுப்பு. கடைசி வகுப்பில் யாரும் உதவாமல், என்னைப் பின்னால் வைத்து மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அது இருபத்து நாலு வருட வழக்கம். மற்ற நாளெல்லாம் நான் "ம், போ" என்பேன், அவள் கிளம்புவாள். அன்று நான் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் வழக்கம்.

இவள் நான் வெளிநாடு போவதற்கு முன்னால் சேர்ந்தவள் என்பது எனக்கு ஏன் மறந்துபோனது?

இடது கண்ணாடி பார்த்தாள். வலது கண்ணாடி பார்த்தாள். ஸ்டாண்டை எடுத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, நல்ல மாணவியாக, உரக்கச் சொன்னாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!"

என் வலது தோளிலிருந்து ஒரு கை எடுபட்டது.

பிறகு இடது தோளிலிருந்து.

என்னைத் தாண்டி ஏதோ ஒன்று முன்னால் சாய்ந்தது. நெஞ்சுக்குள் ஈரக் காற்று புகுந்து வெளியே போனது. காதோரம் அதே குரல் கேட்டது. இந்தத் தடவை என்னிடம் பேசவில்லை.

"பிடிச்சுக்கிட்டேன்."

"சரி மேடம்!" என்றாள் பிரேக்கம்மா. கிளம்பினாள்.

மூன்று சுற்று. ஒரு தவறுகூட இல்லை. பின்னால் உட்கார்ந்து நான் மூச்சு விட்டேன். ஆறு வாரத்தில் முதல் தடவையாக முழு மூச்சு. தோள் பஞ்சு மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷம். ஆமாம், சந்தோஷப்பட்டேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் தோளில் சுடிதார்த் துணி குழிவதைப் பார்த்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

இறங்கியதும் அவள் இடது தோளைத் தேய்த்துக்கொண்டாள். "தோள் பிடிச்சுக்கிச்சு மேடம். டென்ஷன்."

"தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றேன்.

அதைத்தான் சொன்னேன்.

"திங்கட்கிழமையிலேருந்து பாப்பாவ நானே பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கண் கலங்கியிருந்தாள். ஓரத்தில் அவள் புதிதாக வாங்கிய ஸ்கூட்டர் நின்றது. பின்சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மடங்கியிருந்தன. அதை நான் பார்த்தேன். அவள் தனியாக ஏறி உட்கார்ந்து கிளம்பினாள்.

வழி எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டுப் பின்னால் உட்காரவைத்து, நான் முன்னால் உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். தம்பிக்குச் செய்தேன். ஆனால் அது தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

கூப்பிட வாயெடுத்தேன். தோளில் வெயில் இதமாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

மைதானத்து வாசலில் அவள் நிறுத்தி, நான் கற்றுக்கொடுத்தபடி இரண்டு பக்கமும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டாள்.

டக்.

அவ்வளவு தூரத்திலும் எனக்குக் கேட்டது.

டக்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கம் மெல்ல அழுந்தியது. இறங்கியிருந்த ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் வெயிலில் பளபளவென்று காட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் அவள் வீடு இருக்கும் பக்கம் திரும்பிப் போனது.